கெல்டன் ஸ்டேஷனும் என் பச்சைச் சேலையும்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
17.11.1991

என் அன்புள்ள அத்தானுக்கு,

கனகம் எழுதுவது. நானும் கல்யாணியும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. ஐந்து பக்கக் கடிதத்தில் நாலரைப் பக்கம் கெல்டன் ஸ்டேஷன் எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேஷன் சுகமென்றால் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மிச்ச அரைப் பக்கத்தில், பிள்ளையைக் கவனமாகப் படிக்கச் சொல்லும், குளிருக்குக் காலுறை போடும் என்று எனக்கு இரண்டு வரி வந்தது. ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து தந்தி அடித்துப் பழகிய கை. பெண்சாதிக்கு எழுதும்போது மட்டும் அந்தப் பழைய பழக்கம் வந்துவிடுகிறது.

தம்பி ஞானரட்ணம் அந்தச் சின்ன ஊருக்கு ஒரேயொரு டொக்டராக இருக்கிறார், பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொல்லித்தான் மார்ச்சில் விமானம் ஏறினீர்கள். நானும் நல்லதென்றுதான் நினைத்தேன். பெட்ரோல் ஷெட்டில் இருந்து இருந்து உங்கள் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. தம்பியோடு நாலு நாள் சிரித்துவிட்டு வரட்டும் என்று நானே சூட்கேஸ் அடுக்கித் தந்தேன். ரொறன்ரோவுக்கும் அப்பால் அந்தச் சமவெளியில் பழைய ஸ்டேஷன் ஒன்று உங்களுக்காக வாய் பிளந்துகொண்டு நிற்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் கடிதத்தைக் கல்யாணிக்கு வாசித்துக் காட்டினேன். மேல்மாடியில் ஸ்டேஷன் மாஸ்டரின் குடும்பம் இருக்க வீடு, கீழே பயணிகள் இருக்க அறை, நடுவில் வயிறு தள்ளினாற்போல வெளியே நிற்கும் ஜன்னல், அதில் இருந்தால் பாதையின் இரண்டு பக்கமும் தெரியும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் பாதை போட்டவர்கள் ஆங்கில அரிச்சுவடி வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே போனார்களாம் என்ற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டேஷன் கூரையில் ஒழுக்கு, அதனால் உங்களுக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை என்ற இடத்தில் நான் சிரிக்கவில்லை. எங்கள் குளியலறைக் கூரை இரண்டு வருடம் ஒழுகியது. அப்போது நீங்கள் குறட்டை விட்டுத் தூங்கினீர்கள். கவுன்சிலுக்கு நடந்தவள் நான்.

இனி ஓல்கா அம்மையார். ஓல்காதான் ஸ்டேஷனை இடிக்கவிடாமல் காப்பாற்றும் குழுவின் செயலாளர், ஓல்காவின் அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், ஓல்கா அந்த மேல்மாடியில்தான் பிறந்தவர். ஓல்கா சூப் கொண்டுவந்தார். ஓல்கா அடுப்பைத் துடைத்தார். ஓல்கா பெயிண்ட் அடித்தார். கல்யாணி பென்சிலை எடுத்து அந்தப் பெயர் வந்த இடத்திலெல்லாம் கோடு போட்டுவிட்டு, "அம்மா, யூ ஆர் ஜெலஸ்" என்றாள். எனக்கென்ன பொறாமை? அந்த அம்மாவுக்குப் புருஷன் இல்லை என்று நீங்கள்தானே எழுதினீர்கள். பாவம். சூப் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டும்தானே.

வால்தம்ஸ்டோவிலிருந்து வசந்தமலர் டெலிபோன் எடுத்தாள். "கனகம், ஆம்பிளையளை ஆறு மாசத்துக்கு மேலை தனிய விடக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள். என் புருஷன் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பழைய சிக்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், பயப்படாதே என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னதில் எனக்கே பாதி நம்பிக்கைதான்.

கடைசியில் ஓர் ஓரமாக எழுதியிருந்தீர்கள்: "பருத்திச் சேலை ஒன்று அனுப்பும். புதிது வேண்டாம். நீர் கட்டிப் பழகினது." ஏன் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நீங்கள் வெட்கப்படுவீர்கள். ரொறன்ரோ போகும் பாலேந்திரா கையில் கொடுத்துவிட்டேன். அவர் அங்கிருந்து தபாலில் போடுவார். எந்தச் சேலை என்று பொதியைப் பிரித்துப் பாருங்கள்.

தையல் கடையில் எனக்கு வேலை கூடிவிட்டது. கிறிஸ்மஸ் விருந்துகளுக்கு எல்லாரும் பழைய உடுப்பை இடுப்பில் பிடிக்கக் கொண்டுவருகிறார்கள். வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையாருக்கு உங்கள் பெயரில் அர்ச்சனை செய்தேன். வரும் நாளை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கனகம்

* * *

கோலியர்ஸ் வுட்,
2.2.1992

திரு. ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

படம் கிடைத்தது.

ஓல்கா அம்மையார் நல்ல உயரம். நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தாலும் முகத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. அவர் ஒரு முனையையும் நீங்கள் மறு முனையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தத் துண்டுத் துணிப் போர்வையையும் பார்த்தேன். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய துணி வாங்கி, பெண்களெல்லாம் கூடியிருந்து ஒட்டித் தைத்து, அதைச் சீட்டிழுப்பில் விட்டு ஸ்டேஷன் கூரைக்குக் காசு சேர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம் என்று படத்தின் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். நல்ல வழக்கம். நடுவில் நட்சத்திரம் மாதிரி வெட்டி வைத்திருக்கும் பச்சைத் துணி எங்கள் வீட்டுத் துணி என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அது துணியா?

அது நாங்கள் கல்யாணம் முடித்த வருடத் தீபாவளிக்கு நீங்கள் கொண்டுவந்து தந்த மட்டக்களப்புக் கைத்தறிச் சேலை. எண்பத்து நாலில் இரண்டு சூட்கேஸோடு நாங்கள் புறப்பட்டபோது, எதை விடுவது எதை எடுப்பது என்று தெரியாமல் நின்ற நேரத்திலும் நான் எடுத்து வைத்த சேலை. "நீர் கட்டிப் பழகினது" என்று நீங்கள் கேட்டதை வாசித்துவிட்டு நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மனுஷனுக்கு என் நினைவு வந்துவிட்டது, வாய் திறந்து சொல்லத் தெரியாமல் சேலையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அனுப்புவதற்கு முதல்நாள் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஹீட்டர் போட்டும் குளிர்ந்தது, ஸ்வெட்டர் போடவில்லை. கழற்றித் துவைக்காமல் மடித்து வைத்தேன். கல்யாணி பார்த்துவிட்டு ஏனம்மா துவைக்கவில்லை என்றாள். வாயை மூடு என்றேன்.

தைப்பதற்குப் பழைய பருத்திதான் மெத்தென்று இருக்கும், அதனால்தான் கட்டிப் பழகினதைக் கேட்டீர்கள். இப்போது விளங்குகிறது. ஒரு வரி கூட எழுதியிருந்தால் என்னிடம் கிடந்த பழைய சீத்தைத் துணிகளை ஒரு மூட்டை கட்டி அனுப்பியிருப்பேன். உங்கள் அம்மையார் விரும்பிய நட்சத்திரத்தை வெட்டியிருப்பார்.

நான் துணி தைத்துச் சாப்பிடுகிறவள். கடைக்கு வரும் பெண்கள் கட்டின சேலையைக் கொண்டுவந்து சட்டையாக வெட்டித் தா என்றால், நான் மாட்டேன் என்று மற்றப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவேன். புருஷன் இருக்கிற ஒருத்தி உடுத்தின சேலையில் கத்தரிக்கோல் வைக்க என் கை கூசும். அந்தக் கையை உடையவளின் சேலையை நீங்கள் பக்கத்தில் நின்று வெட்டக் கொடுத்தீர்கள். ஓல்காவுக்கு இது தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குமா தெரியாது?

இன்னொன்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நட்சத்திரத்தின் இடப்பக்க மூலையில் தையல் வளைந்திருக்கிறது. போய்ச் சொல்லுங்கள்.

க. ஸ்ரீஸ்கந்தராஜா

* * *

கோலியர்ஸ் வுட்,
26.4.1992

அத்தானுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் போடாமல் இருந்தது வேண்டுமென்றுதான். சித்திரை வருடப்பிறப்புக்குக் கூட எழுதாமல் விட்டது எனக்கே ஒரு மாதிரி இருந்ததால் இப்போது எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். "பிழை என்னுடையது. யோசிக்கவில்லை." இரண்டே வசனம். இருபத்தொரு வருடத்தில் உங்கள் வாயிலிருந்து இது வருவது முதல் தடவை என்பதால் எடுத்துக்கொள்கிறேன்.

போர்வை சீட்டிழுப்பில் யாரோ கோதுமைக்காரருக்கு விழுந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பெண்சாதி இறந்து தனியாக இருக்கிற மனுஷனாம். அப்படியானால் முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் என் சேலையைப் போர்த்திக்கொண்டுதான் இந்தக் குளிர்காலத்தின் மிச்ச நாளெல்லாம் படுத்திருக்கிறார். நல்லது. அவருக்காவது அதன் அருமை தெரிந்திருக்கும். உங்களுக்கு இதை வாசிக்கும்போது நெஞ்சுக்குள் கொஞ்சமாவது எரிகிறதா? எரியட்டும். ஓல்கா சூப் கொண்டுவந்தார் என்று வாசித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஸ்டேஷன் கட்டிடத்தை ஊருக்கே விட்டுக்கொடுக்க ரயில் கம்பனிக்காரர் சம்மதித்துவிட்டார்கள், மேல்மாடி வீட்டில் இருந்து அதைப் பார்த்துக்கொள்ள உங்களைக் கேட்டிருக்கிறார்கள், என்னையும் வரச்சொல்லி எழுதியிருக்கிறீர்கள். சமையலறை ஜன்னலால் பார்த்தால் வானம்தான் தெரியும் என்கிறீர்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இங்கே எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. கடையில், ஜன்னல் ஓரத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில். முதலாளியம்மா வீட்டுக்குப் போனால் கடையைப் பூட்டச் சொல்லித் திறப்பை என் கையில்தான் தருகிறார். வந்த புதிதில் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாய் வராமல் நின்றவள் நான். இப்போது கவுன்சில்காரனோடு சண்டை பிடிக்கிறேன். டூட்டிங் மரக்கறிக் கடைக்காரன் என்னைக் கண்டால் முருங்கைக்காயை ஒளித்து வைத்திருந்து எடுத்துத் தருகிறான். இதெல்லாம் நானே உண்டாக்கியது. இதை விட்டுவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு நான் ஒரு தட்டுமுட்டுச் சாமானாக வரவேண்டுமா? ஓல்கா ஒரு சுற்றுக் காட்டுவார், இது அடுப்பு, இது மணிக்கூடு, இது ஸ்ரீயின் மனைவி என்று.

உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சல் ஓல்காவில் மட்டும் இல்லை. இந்த ஏழு வருடமும் நீங்கள் இந்த வீட்டில் ரயில் என்று ஒரு சொல் சொன்னதில்லை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோய்விட்டது என்று செய்தி வந்தபோது வானொலியை மூடிவிட்டு ஷிப்டுக்குப் போனீர்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். நான் வாய் திறக்கப் பயந்தேன். சரி, இந்த மனுஷனுக்குள் அது செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எங்கோ கிடக்கும் மரக்கட்டிடத்துக்கு நாலரைப் பக்கம் எழுதுகிறீர்கள். அப்படியானால் சாகவில்லை. என்னிடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணிக்கு ஜூனில் சோதனை. அது முடிய முன் நீங்கள் இங்கே வரவேண்டும். அல்லது வரமாட்டேன் என்று சுற்றி வளைக்காமல் எழுதவேண்டும். ஸ்டேஷனா நானா என்று கேட்டால் வசந்தமலர் படம் பார்த்துக் கெட்டுப்போனாய் என்று சிரிப்பாள். இருந்தாலும் அதைத்தான் கேட்கிறேன்.

கனகம்

* * *

கோலியர்ஸ் வுட்,
6.9.1992

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் விருந்தாளி வந்து, தங்கி, போய்விட்டார். ஓல்கா தன் தாய் பிறந்த ஊரைப் பார்க்க உக்ரேனுக்குப் போகிறார், இப்போது அது தனி நாடாகிவிட்டது, வழியில் லண்டனில் இரண்டு நாள் தங்க இடம் வேண்டும் என்று நீங்கள் எழுதியபோது, உங்களுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று கல்யாணியிடம் கேட்டேன். நான் ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு நீங்கள் அனுப்பிய பதில் இதுதானோ என்றும் யோசித்தேன். ஜூனும் போய் ஜூலையும் போய்விட்டது. யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்பதைத் தவிர உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

வீட்டை இரண்டு நாள் கழுவினேன். வசந்தமலர் வால்தம்ஸ்டோவிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள், பார்க்காமல் இருக்க முடியுமா. ஓல்கா வாசலில் குனிந்து உள்ளே வந்தா. நான் ஒரு சோடி நல்ல தோடு போட்டுக்கொண்டு நின்றேன். கல்யாணியின் கட்டிலைக் கொடுத்தோம், கால் இரண்டும் வெளியே நின்றது. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன், உறைப்பைக் குறைக்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட ஓட இன்னும் கொஞ்சம் என்று கோப்பையை நீட்டினா. ஸ்ரீ வைப்பதை விட நன்றாக இருக்கிறது என்றா. நீங்கள் அங்கே சமைப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இங்கே உங்களுக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியாது.

வசந்தமலர் சமையலறைக்குள் வந்து, "பொல்லாத மனுஷி மாதிரித் தெரியேல்லை கனகம்" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பொல்லாதவளாக இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்தநாள் ஓல்கா என் தையல் மெஷினைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தா. சேலைக் கதையை அவவே எடுத்தா. வெட்டியது தான்தான் என்றும், அது என்ன சேலை என்று நீங்கள் சொல்லவில்லை என்றும், என் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் தெரியும் என்றும் சொன்னா. என் கடிதத்தை வாசித்துக் காட்டினீர்களா? மூலையில் தையல் வளைந்திருக்கிறது என்றதையுமா என்று அவவைக் கேட்டேன். ஓம், அதையும்தான் என்றா. அது தன் தையல் இல்லை, இன்னொரு பெண்ணின் தையல் என்று சத்தியம் செய்தா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கினேன்.

பிறகு சொன்னா, அந்தக் கோதுமைக்காரர் வீட்டுக்கு நீங்கள் மூன்று தரம் போனீர்களாம். முதல் தரம் போர்வையை விலைக்குக் கேட்டீர்களாம். இரண்டாம் தரம் அவருடைய வேலி முழுக்கப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றீர்களாம். மூன்றாம் தரம் வாசலில் நின்றுகொண்டு, அது என் மனைவியின் சேலை, நீ அதைப் போர்த்திக்கொண்டு படுக்கக்கூடாது என்று சத்தம் போட்டீர்களாம். ஊர் முழுக்கச் சிரித்ததாம். அந்த மனுஷன், போர்வை மெத்தென்று இருக்கிறது, தரமாட்டேன் என்றுவிட்டாராம். அத்தான், நீங்கள் சத்தம் போட்டதை நான் கேட்டதே இல்லை. உங்களுக்கும் எரிந்திருக்கிறது. இதை நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஏப்ரலிலேயே விசாவுக்குப் போட்டிருப்பேன்.

இதோடு விட்டிருந்தால் ஓல்காவைச் சந்தோஷமாக ஏற்றி அனுப்பியிருப்பேன். புறப்படும் நாள் காலை, கல்யாணி கோப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது, பனி விழ முன் தண்டவாளத்தைக் கழற்றப் போகிறார்கள், ஸ்ரீ அதை எப்படித் தாங்கப்போகிறாரோ என்றா. எனக்கு விளங்கவில்லை. ஸ்டேஷனைக் காப்பாற்றிவிட்டீர்கள்தானே என்றேன். கட்டிடம் தப்பிவிட்டது, பாதை தப்பவில்லை, கோதுமை ஏற்ற வந்த ரயிலும் இனி வராது என்றா. அந்தச் செய்தி வந்த நாள் நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அந்த வயிறு தள்ளிய ஜன்னலில் இருந்தீர்களாம், பொழுது படும் மட்டும். இது இரண்டாம் தரம் என்றீர்களாம். பிறகு ஓல்காவுக்குப் பளை ஸ்டேஷனைப் பற்றி எல்லாம் சொன்னீர்களாம். அங்கே நீங்கள் பார்த்த வேலை, இரவு மெயில் வரும் சத்தம், கடைசியாக அந்த அறையைப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொடுத்தது. சொல்லிச் சொல்லி அழுதீர்களாம்.

அத்தான், கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். அவ கொண்டுவந்த சூப்பை நான் மன்னித்துவிட்டேன். சேலையையும் மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த அழுகை என்னுடையது. ஏழு வருடம் பக்கத்தில் படுத்திருந்து, எப்போது வரும் எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டு கிடந்தது. அதைக் கொண்டுபோய் அங்கே கொடுத்துவிட்டீர்கள்.

ஓல்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்ச் சொன்னா, கனகத்துக்கு ஏன் எழுதவில்லை என்று தான் கேட்டாவாம். அவள் ஒரு முறை இதையெல்லாம் என்னோடு சேர்ந்து இழந்துவிட்டாள், இரண்டாம் முறையும் அவள் தலையில் எப்படி வைப்பது என்றீர்களாம். யார் உங்களிடம் கேட்டது, என்னைக் காப்பாற்றச் சொல்லி? துக்கத்தை வெளியில் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் காலுறை போடச் சொல்லி எழுதினால், நான் உங்களுக்கு என்ன முறை?

ஓல்காவைக் கோபிக்கவில்லை. விக்டோரியா வரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கோச்சில் ஏற முன் கட்டிப்பிடித்தா, என் தலை அவவின் நெஞ்சு மட்டத்தில் நின்றது. "நான் அவர் சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான். அவர் உன்னிடம்தான் சொன்னார், நான் அங்கே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு ஏறினா. அந்தப் பேச்சு எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். எதிரே இருந்த பெண் ஒருத்தி டிஷ்யூ தந்தா.

வந்து மூன்று நாள் யோசித்தேன். முதலாளியம்மாவிடம் ஒக்டோபர் மாதம் லீவு கேட்டேன், தந்துவிட்டார். நாற்காலி அப்படியே இருக்குமாம். கல்யாணி நல்ல புள்ளி எடுத்துவிட்டாள், தனியாகச் சமாளிப்பாள், வசந்தமலர் வந்து வந்து பார்ப்பாள். விசாவுக்குப் போட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்குத்தான் வருகிறேன். பிறகு நான் அங்கே நிற்பதா, நீங்கள் என்னோடு இங்கே வருவதா என்பதை அந்தச் சமையலறையில் இருந்துகொண்டு பேசுவோம். தண்டவாளம் கழற்றும் நாளில் நான் உங்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்த அவசரம். முதல் தடவை நீங்கள் எனக்குக் காட்டாமல் விழுங்கியதையும் சேர்த்து அன்றைக்கு என் முன்னால் அழுங்கள். பக்கத்தில் நான் இருப்பேன், பேசமாட்டேன்.

வர முன் ஒன்று சொல்லவேண்டும். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணி பிறந்து அம்மா வீட்டில் துடக்குக் கழித்துவிட்டு, சுன்னாகத்தில் ரயிலேறி உங்களிடம் பளைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இராது. பிள்ளையை நீங்கள் அதுவரை பார்க்கவில்லை, உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ரயில் நின்றது. நான் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பெட்டியுமாக இறங்கினேன். நீங்கள் எனக்கு நாலு முழத் தூரத்தில் வெள்ளை உடுப்போடு நின்றீர்கள். டிரைவர் நீட்டிய டோக்கன் வளையத்தை வாங்கினீர்கள், ரயில் மேலே போக அனுமதிக்கும் மற்ற வளையத்தைக் கொடுத்தீர்கள், கொடியைக் காட்டினீர்கள், கடைசிப் பெட்டி போய் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "டியூட்டியிலை நிக்கேக்கை குடும்பம் பாக்க ஏலாது" என்றீர்கள். நியாயம்தான். எனக்கு உங்கள் ஸ்டேஷனில் பொறாமை தொடங்கியது அந்த வெயிலில்தான், ஓல்காவால் இல்லை.

ரெஜைனா விமான நிலையத்துக்குத் தம்பி ஞானரட்ணம் காரோடு வரட்டும், ஓல்கா திரும்பி வந்திருந்தால் அவவும் வரட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் முன்னுக்கு நிற்க வேண்டும். கூரை ஒழுகினாலும், குழுக் கூட்டம் இருந்தாலும், பாதை கழற்றுகிறவர்கள் அன்றைக்கே வந்து நின்றாலும் விட்டுவிட்டு வரவேண்டும். கதவு திறந்து சனம் வெளியே வரும்போது வேறு எங்கேயும் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று முதலில் காண்பது நீங்களாக இருக்கட்டும்.

பிள்ளையார் உங்களைக் காக்கட்டும்.

என்றும் உங்கள்,
கனகாம்பிகை